இருபது நிமிடத் தேகப் பயிற்சி

தேகப் பயிற்சியைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று, நம்மை நேரில் அறிந்தவர்கள் நகைக்கக்கூடும். பத்தாம் வகுப்புத் தேறியவர் நாம். இருபத்திரண்டாம் வயதில் இரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, நான்கு ஆண்டுகள் சுத்தியலும் கடப்பாரையும் சுமந்து நடந்தோம். பிறகு இலாகாத் தேர்வு எழுதிப் பயணச்சீட்டு எழுத்தரானோம். அன்று தொடங்கிப் பதினோராண்டுகளாக நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம். பதவி உயர்ந்தது, அதனோடு வயிறும் உயர்ந்தது. மட்டாஞ்சேரியில் நம் வீட்டுக்கு வரும் உறவினர் எல்லாரும் முதலில் வயிற்றைப் பார்த்துவிட்டே, "கேரளத்துச் சோறு ஒத்துக்கொண்டது போலும்" என்று முகமன் கூறுவர். அதைப் பாராட்டென்றே நாமும் எடுத்துக்கொண்டோம்.

அந்த மயக்கம் சென்ற ஐப்பசியில் ஒருநாள் தெளிந்தது. காலைப் பணி முடிந்து எர்ணாகுளம் சந்திப்பில் நடைமேம்பாலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தோம். படிக்கட்டின் அடியில், சங்கரன்கோவில் பக்கத்துப் பேச்சோடு மூதாட்டி ஒருவர், பேரப்பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்த சாக்குப்பையுடன் நின்றிருந்தார். "எய்யா, இத ஒரு கை தூக்கி விடேன்" என்றார். பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் இராது. வாங்கிக்கொண்டு விரைந்து ஏறினோம். பாதிப் படியில் மூச்சு அடைத்தது; நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது; கண் இருண்டது. அம்மூதாட்டி நம்மைப் பிடித்துப் படியில் உட்காரவைத்து, தம் குப்பியிலிருந்து தண்ணீர் கொடுத்தார். "ஒனக்கு என்னய்யா வயசு?" என்று கேட்டார். முப்பத்தாறு என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாக்குப்பையைத் தாமே தூக்கிக்கொண்டு மெல்லப் படியேறிப் போய்விட்டார்.

அன்பர்களே, அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. வெட்கத்தினால் மட்டுமன்று. நம் தந்தையார் பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏற்றி இறக்கும் கிடங்கில் மூட்டை தூக்கியவர். முறுக்கிய கயிறு போன்ற உடம்பு. முதுகு வலி பொறுக்க முடியாமல் நாற்பத்தெட்டாம் வயதில் சுமையை விட்டு, அதே தெருவில் இரவுக் காவலராக அமர்ந்தார். சுமைதான் நின்றதே தவிர, சுமந்த காலத்து உணவு நிற்கவில்லை. இரண்டே ஆண்டில் உடல் தளர்ந்து வயிறு சரிந்தது, சர்க்கரை வந்தது, ஐம்பத்து நான்காம் வயதில் ஒரு விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அப்போது நமக்குப் பத்தொன்பது வயது. இப்போது நம் மகளுக்கு ஏழு. கணக்குப் போட நமக்குப் பயிற்சி உண்டு. நாள் முழுதும் சில்லறைக் கணக்குத்தானே போடுகிறோம். அந்தக் கணக்கை மட்டும் போட்டு முடிக்க மனம் துணியவில்லை.

மறுவாரம் இரயில்வே மருத்துவரிடம் சென்றோம். எடை 79 கிலோ. இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1. இது 5.7க்குக் கீழே இருக்க வேண்டும், 6.5ஐத் தொட்டால் நீரிழிவு. நாம் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தோம். நம் நாட்டு ஆடவர்க்கு இடுப்பு 90 சென்டிமீட்டரையும், பெண்டிர்க்கு 80ஐயும் தாண்டலாகாது என்றார் மருத்துவர். வெள்ளையர்க்குரிய அளவு இதைவிடப் பெரிது. ஒரே எடையில் நம்மவர்க்கு வயிற்றுள் கொழுப்பு மிகுதி, தசை குறைவு என்பதே அதற்குக் காரணமாம்.

2023ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் பெரிய ஆய்வொன்று வெளிவந்தது. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவு என்றும், கேரளத்தில் வயதுவந்தோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு உண்டென்றும் அது கூறிற்று. இரயில்வே ஊழியர்க்கென்றே பழைய ஆய்வு ஒன்றும் உண்டு. மல்கோத்ரா என்னும் இரயில்வே மருத்துவர், நாடெங்கும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இரயில்வே ஊழியர்களின் கணக்கை ஆராய்ந்து 1967இல் வெளியிட்டார். இருதய நோயால் இறப்போர் வடக்கைவிடத் தெற்கில் ஏறத்தாழ ஏழு மடங்கு என்று கண்டார். காரணத்தை அவர் பெரும்பாலும் உணவிலேயே தேடினார். அதைப் பற்றி அறிஞர்கள் பிறகு பலவாறு வாதிட்டனர். வாதம் எப்படியாயினும், தெற்கத்தி இரயில்வேக்காரர் என்ற அந்தக் கட்டத்துள் நாமும் நம் தந்தையின் மகனாக அடங்குகிறோம் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டியிருந்தது.

இலண்டனில் மோரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் சுவையானது. அந்நகரத்து மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் உட்கார்ந்தே இருப்பார். நடத்துநரோ நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குவார். ஒரே நிறுவனம், ஒரே வகைக் குடும்பம். ஆனால் நடத்துநர்க்கு இருதய நோய் குறைவு. தண்டவாளத்தில் நடந்த நாமும் நாற்காலியில் அமர்ந்த நாமும் ஒருவரே என்பதால் இது நமக்கு நன்கு உறைத்தது. எனினும் ஒன்று சொல்லவேண்டும். மூன்று ஆண்டுகள் கழித்து அதே குழுவினர் அவ்வூழியர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தனர். ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே நடத்துநரைவிடப் பருத்த இடையினராக இருந்தனராம்! ஆகவே, எல்லாப் பழியையும் நாற்காலியின்மேல் போடுவதற்கில்லை.

பயிற்சி செய்யவேண்டும் என்று முடிவு செய்ததும் யாவரும் செய்யும் தவற்றையே நாமும் செய்தோம். உடற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினோம். கொச்சி இளைஞர்க்கு அந்த ஆர்வம் குறைவன்று. வடுதலையைச் சேர்ந்த சித்தரேஷ் நடேசன் 2019இல் தென்கொரியாவில் நடந்த உலக உடற்கட்டுப் போட்டியில் பட்டம் வென்ற பிறகு அது மேலும் பெருகிற்று. ஆனால் அவருக்கு அது தொழில். நமக்கோ ஒரு வாரம் காலை ஆறு மணிக்குப் பணி, மறுவாரம் பிற்பகல் இரண்டு மணிக்கு, அதன்பின் இரவு பத்து மணிக்கு. தோப்பும்படி வழியாகப் பேருந்தில் போய்வரவே நாளில் இரண்டு மணி நேரம் கழியும். பயிற்சியாளர், "தினம் ஒன்றரை மணி நேரமாவது வேண்டும்" என்றார். பதினொரு நாள் போனோம். பன்னிரண்டாம் நாள் இரவுப் பணி. அதன்பின் அந்த வாசலை மிதிக்கவில்லை. கட்டணம் திரும்பவில்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

ஒன்றரை மணி நேரம் இல்லாதவன் ஒன்றுமே செய்யலாகாதா? இந்தக் கேள்வியே நம்மைப் பல நூல்களைப் புரட்டவைத்தது. கனடா நாட்டு விமானப்படையில் இதே கேள்வி 1950களில் எழுந்தது. வடதுருவத்தை ஒட்டிய தளங்களில் விமானிகளுக்குப் பயிற்சிக்கூடமும் இல்லை, கருவிகளும் இல்லை. பில் ஆர்பன் என்பவர் அவர்களுக்காக ஐந்தே பயிற்சிகளைப் பதினொரே நிமிடத்தில் செய்யும் முறையொன்றை வகுத்தார். சில ஆண்டுகளில் அது உலகெங்கும் பரவியது. 1996இல் ஜப்பானில் தபாத்தா என்பவரும் அவர் குழுவினரும், 20 விநாடி முழு மூச்சாக மிதித்து 10 விநாடி ஓய்ந்து, இப்படி ஏழெட்டு முறை செய்வதால் விளையும் பயனை அளந்து காட்டினர். ஆயின் அவ்வாறு மிதித்தவர்கள் விளையாட்டுப் பயின்ற இளைஞர்கள். நம்போன்ற தொந்தியர் முதல் நாளே அதில் இறங்குவது அறிவுடைமையன்று. நமக்கு நெருங்கியது 2016இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு. பயிற்சியே இல்லாத ஆடவரைப் பிரிவுகளாக்கினர். ஒரு பிரிவினர் வாரம் மும்முறை 45 நிமிடம் சீராகச் சைக்கிள் மிதித்தனர். மறு பிரிவினர் மொத்தம் பத்து நிமிடமே மிதித்தனர். அதிலும் மூன்று முறை 20 விநாடி மட்டுமே முழு வலிமையோடு. பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் மூச்சின் திறனும், சர்க்கரையைக் கையாளும் திறனும் இரு பிரிவினர்க்கும் ஏறத்தாழ ஒரே அளவு உயர்ந்திருந்தன.

அதே பல்கலைக்கழகத்தில் வேறொரு குழுவினர் தசை வளர்ச்சியை ஆராய்ந்தனர். பெரிய எடையைச் சில முறையும் சிறிய எடையைப் பல முறையும் தூக்கிப் பார்த்ததில், "இனி முடியாது" என்ற எல்லைவரை சென்றால் இரண்டும் தசையை ஒன்றுபோல் வளர்க்கின்றன என்று கண்டனர். ஆகவே இரும்புக் குண்டு வாங்கப் பணமில்லையே என்று நாம் ஏங்கவேண்டுவதில்லை. எல்லைவரை செல்லும் மனம் இருக்கிறதா என்பதே கேள்வி.

இனி நாம் செய்வதைச் சொல்லுகிறோம். வாரத்தில் மூன்று நாள். ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம். எந்தக் கிழமை என்ற கட்டுப்பாடு இல்லை. பணி நேரத்தைப் பார்த்து, இடையே ஒரு நாளாவது ஓய்வு விட்டுச் செய்கிறோம். முதல் மூன்று நிமிடம் கைகால் மூட்டுகளைச் சுழற்றி உடம்பைச் சூடாக்குவோம். பிறகு நான்கு வேலைகள், ஒன்றன்பின் ஒன்றாக: தண்டால், பஸ்கி, வாளி இழுத்தல், இரு கையிலும் வாளியுடன் இடுப்பை வளைத்து நிமிர்தல். ஒவ்வொன்றையும் இன்னும் ஒன்றிரண்டே செய்யமுடியும் என்ற நிலைவரை செய்துவிட்டு, அரை நிமிடம் மூச்சு வாங்கி, அடுத்ததற்குப் போவோம். இப்படி மூன்று சுற்று. கடைசியில் வீட்டு மாடிப்படியில் 20 விநாடி விரைந்தேறி, மெல்ல இறங்கி, மீண்டும் ஏறுவது மும்முறை. அவ்வளவே.

வாளி இழுத்தலைச் சற்று விளக்கவேண்டும். ஏனெனில் தண்டாலும் பஸ்கியும் மார்பையும் தொடையையும் பார்த்துக்கொள்ளும், முதுகைப் பார்ப்பாரில்லை. இடக்கையைக் கட்டிலின்மேல் ஊன்றி, முதுகை வளைக்காமல் இடுப்பில் குனிந்து, வலக்கையால் நீர்வாளியை இடுப்புவரை இழுத்து மெல்ல இறக்குக. பிறகு கை மாற்றுக. பத்து லிட்டர் நீர் பத்துக் கிலோ. நீரைப்போல் நுட்பமான எடைக்கல் வேறில்லை; இந்த வாரம் ஒரு செம்பு, அடுத்த வாரம் மேலும் ஒரு செம்பு என்று ஏற்றிக்கொண்டே போகலாம். தளும்பிய நீரைத் துடைக்கும் வேலையும் சேர்ந்தே வரும்! நம் தென்பாண்டிக் கிராமங்களில் இளவட்டக்கல் கிடக்கும். அதைத் தூக்கித் தோளுக்குமேல் எறிந்தவனுக்கே பெண் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். முதல் நாளே அதைத் தூக்கினவன் எவன்? சிறிது சிறிதாக ஏற்றினால்தான் உடம்பு ஏற்கும். ஏற்றாமல் ஒரே அளவில் நின்றாலோ, தசை வளர்வதற்கு அதற்கொரு காரணமும் இராது.

தொடக்கத்தில் தரையில் ஒரு தண்டால்கூட நமக்கு ஒழுங்காக வரவில்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கையூன்றிச் சாய்ந்து தொடங்கினோம்; பிறகு கட்டில் விளிம்பு; பிறகு தரை. பஸ்கிக்குக்கூட முதல் இரு வாரம் நாற்காலியில் உட்கார்ந்தெழுந்ததே பயிற்சி. பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணத்தை மறக்காதவர்களுக்கு இது எளிது. துள்ளிக் குதிக்கும் பயிற்சிகளையும் சேர்த்துப் பார்த்தோம், இரண்டாம் நாளே கீழ்வீட்டு மலையாள நண்பர் மேலே வந்து, "சேட்டா, கூரை இடிஞ்ஞு வீழுமோ?" என்று பணிவாகக் கேட்டார். குதிப்பதை விட்டுவிட்டோம்.

உடலால் உழைப்பவர்க்கு இதெல்லாம் வேண்டாமே என்பார் உண்டு. கோட்டைக் கொச்சி வெளியிலுள்ள சலவைத் துறைக்கு அன்பர்கள் பலர் சென்றிருப்பீர்கள். டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய நம் வண்ணார் பெருமக்கள் இன்றும் அங்கே கல்லில் துவைத்துக் கயிற்றில் உலர்த்தித் தேய்த்து வாழ்கின்றனர். அங்கே அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தோம். வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. புயத்தில் நரம்பு புடைத்திருந்தது. நாம் வியந்து புகழ்ந்தபோது, வலத்தோளைக் காட்டி, இரவில் இந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை என்றார். உழைப்பு ஒரே பக்கத்தை ஒரே விதமாகத் தேய்க்கிறது. பயிற்சி எல்லாப் பக்கத்தையும் பார்த்து, வேண்டும்போது நிற்கவும் விடுகிறது. நம் தந்தையாரின் உழைப்புக்கு நிற்குமிடம் தெரியவில்லை; நின்ற பிறகோ மீண்டும் தொடங்க வழி தெரியவில்லை. அவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் இப்படிச் செய்யச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

இப்போது கசப்பான செய்தி. இருபது நிமிடப் பயிற்சி தசையை வளர்க்கும், மூச்சை வளர்க்கும். வயிற்றைத் தானே கரைத்துவிடாது. நாற்சந்தித் தேநீர்க் கடையில் ஒரு பழம்பொரியும் சர்க்கரைத் தேநீரும் உண்டால், அன்றைய பயிற்சியில் செலவான சக்தி முழுதும் திரும்ப உடம்பில் சேர்ந்துவிடும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. அதைத் தண்டாலால் மட்டும் செலவழிப்பது கடலைச் செம்பால் முகப்பது போன்றது. கொழுப்புக் குறைவது பெரும்பாலும் தட்டில்தான். வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் போகும் என்பதும் பொய். எங்கிருந்து எடுப்பதென்று உடம்பே தீர்மானிக்கிறது. அப்படியானால் பயிற்சி எதற்கு? உணவை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். உண்ட சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு தசைதான். கிடங்கை இடித்துவிட்டுச் சரக்கு எங்கே போகும்?

நாம் செய்த மாற்றம் பெரிதன்று. சோறு இரு கரண்டி குறைந்தது. சாளை மீனும் சுண்டலும் கூடின. காலையில் இரண்டு முட்டை. முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் புரதம் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். நம் இட்லி, சோறு, சாம்பார் வாழ்க்கையில் பாதிதான் தேறியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. பழம்பொரியை அடியோடு விடவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஒன்று. மனிதனுக்கு ஏதாவது வேண்டாமா?

நேரமில்லை என்று நாம் புலம்பியதைக் கேட்டு ஒருநாள் நம் இல்லாள் சிரித்தார். உண்மையில் நேரமில்லாதவர் அவரே. ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, மகளைப் பள்ளிக்கு அனுப்பி, துணிக்கடை வேலைக்குப் போய், இரவு ஒன்பது மணிக்குப் பாத்திரம் கழுவுகிறவர். பயிற்சியென்றால் ஆடவர்க்கென்று நாம் நினைத்திருந்தது வெட்கத்துக்குரியது. எலும்பு தேய்வதும் இடுப்பு நோவதும் பெண்டிர்க்கே மிகுதி. எடை தூக்கும் பயிற்சி அவர்களுக்கே இன்னும் வேண்டும். இரண்டாம் மாதம் அவரும் சேர்ந்தார். அவர் செய்யும் இருபது நிமிடத்தில் பாத்திரங்களை நாம் கழுவுவதென்று உடன்பாடு. இன்று பஸ்கியில் நாம் நாற்பது, அவர் ஐம்பத்தைந்து. இதை இங்கே வெளியிடுவதற்கு அவர் அனுமதி தந்திருக்கிறார். வெளியிடவேண்டும் என்று வற்புறுத்தினார் என்பதே பொருந்தும்.

இடையில் விழுந்ததையும் மறைக்கலாகாது. மூன்றாம் மாதம் ஆசை மிகுந்து, ஓய்வு நாளிலும் தண்டால் போட்டுத் தோளில் பிடித்துக்கொண்டது. இரு வாரம் கை தூக்க முடியவில்லை. கர்க்கடக மழையில் காய்ச்சல், அதன்பின் ஓணக் கூட்டத்தில் மேல்நேரப் பணி. ஐந்து வாரம் ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் போயிற்றென்று எண்ணி மீண்டும் தொடங்கினோம். பத்தே நாளில் பழைய எண்ணிக்கை வந்துவிட்டது. முன்பு கற்றதைத் தசை அவ்வளவு விரைவில் மறப்பதில்லை போலும். இரவுப் பணி முடித்து உறங்காமல் பயிற்சி செய்வது மட்டும் கூடாதென்று கண்டோம். அந்நாளில் உறக்கமே மருந்து. நெஞ்சு வலி, இரத்த அழுத்தம் உள்ளவர்களும், சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. நம்மையும் அவர் இருதயப் படம் எடுத்துப் பார்த்த பிறகே மாடிப்படியில் ஓடவிட்டார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிவுரையில், வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்போ 75 நிமிடக் கடும் உழைப்போ வேண்டும், இரு நாளாவது தசைக்குப் பயிற்சி வேண்டும் என்கிறது. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை அதில் நீக்கிவிட்டார்கள். ஆகவே நம் இருபது நிமிடங்களோடு, தோப்பும்படியில் பேருந்தை விட்டு இறங்கி வீடுவரை நடப்பதையும், நடைமேம்பாலத்தையும் நாம் தயங்காமல் சேர்த்துக்கொள்கிறோம்.

சென்ற மாதம் மீண்டும் மருத்துவரிடம் சென்றோம். எடை 74, இடுப்பு 91, சர்க்கரைச் சராசரி 5.8. வாசற்படியை விட்டு இன்னும் முழுதும் இறங்கவில்லை. ஒரு சென்டிமீட்டரும் இரண்டு புள்ளியும் பாக்கி. "விட்டுவிடாதீர்கள்" என்றார் மருத்துவர். தரையில் தண்டால் இருபத்திரண்டு வருகிறது. நடைமேம்பாலத்தில் பைகளோடு நிற்கும் பெரியவர்களைப் பார்த்தால் இப்போது நாமே அருகில் போகிறோம். சங்கரன்கோவில் மூதாட்டியை மட்டும் மறுபடி காணவில்லை.

இதை எழுதி முடிக்கும்போது மணி பன்னிரண்டேகால். இரண்டு மணிக்குப் பணி. பேருந்து பன்னிரண்டு ஐம்பதுக்கு. மகள் வாளியை நிரப்பி வைத்துவிட்டு, இன்று எத்தனை செம்பு என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.